பார்வை: ஒரு வேட்டைச் சொல்லின் வரலாறு

'பார்வை' என்னும் சொல்லை இன்று நாம் கண்ணோடு மட்டுமே சேர்த்து வழங்குகிறோம். பழந்தமிழ் நூல்களைப் புரட்டினால் அச்சொல் வேட்டைக் களத்திலும் நிற்பதைக் காணலாம். காட்டு விலங்கை அருகே வரவழைப்பதற்காக வேட்டுவர் பழக்கி வைத்திருந்த விலங்குக்கும் பார்வை என்றே பெயர். குடில் முற்றத்தில் ஒரு பிணைமானைக் கட்டி வைத்தால், அதை நாடிக் காட்டிலிருந்து கலைமான் வரும். வரும் என்று நம்பிக் காத்திருப்பவன் வேட்டுவன். காணும் செயலுக்கும் காட்டி ஈர்க்கும் உயிருக்கும் ஒரே சொல் எவ்வாறு அமைந்தது என்ற கேள்வியைச் சொல்லாராய்ச்சி வல்லவர்களிடம் விட்டுவிடுவோம். அம்பு நாணில் ஏறுவதற்கு முன்பு கழிந்த நாட்களைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம்.

வேட்டை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவன துரத்தலும் எய்தலும்தாம். சரித்திரப் புதினங்களும் திரைப்படங்களும் பழக்கிவிட்ட காட்சிகள் அவை. உண்மையில் எய்யும் நொடி மிகச் சிறியது. அதற்கு முந்தைய காத்திருப்போ மிக நீண்டது. வட அமெரிக்காவில் வெண்வால் மானை வேட்டையாடுவோர் பலர், வேட்டைப் பருவம் முடிந்த பிறகே தங்கள் பணியின் பெரும்பகுதியைத் தொடங்குகிறார்கள். பனி உருகிய காட்டில் துப்பாக்கியின்றி நடப்பார்கள். உதிர்ந்து கிடக்கும் கொம்புகளைத் தேடுவார்கள். ஆண்மான் கொம்பைத் தேய்த்த மரத்தில் பட்டை எந்த உயரத்தில் உரிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். முதிர்ந்த கலை எங்கே படுக்கிறது, எவ்வழியாக நீருக்குச் செல்கிறது, காற்று எத்திசையில் வீசும்போது எந்த வழியைத் தவிர்க்கிறது என்பனவற்றை அடுத்த பருவம் தொடங்குமுன்பே அறிந்து வைத்துக்கொள்வார்கள். இளங்கலைகளைப் போகவிட்டு, முதிர்ந்த ஒன்றுக்காகக் காத்திருப்பதை அவர்களுள் பலர் பெருமையாகவும் கருதுகிறார்கள்.

நம் நாட்டு மான்களும் இப்படி எழுதிவிட்டுத்தான் செல்கின்றன. புள்ளிமானும் கடமானும் கொம்பை உதிர்த்து மீண்டும் வளர்ப்பவை. புதுக்கொம்பின்மேல் படர்ந்த மென்தோலை மரத்தில் தேய்த்துக் களைபவை. கடமான் சேற்றில் புரளும். புரண்ட குழியும், வழியிலுள்ள மரத்தில் ஒட்டிய சேறும் அதன் உயரத்தைச் சொல்லிவிடும். வெளிமான் கொம்பை உதிர்ப்பதில்லை. முறுக்கிய அக்கொம்பு ஆயுள் முழுதும் நிலைப்பது. ஆண் முதிர முதிர அதன் உடல் கருக்கும். தனக்கென எல்லை வகுத்துக்கொண்ட ஆண், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கையிட்டுக் குவிக்கும். கண்ணருகே உள்ள சுரப்பியைப் புல்லிலும் குச்சியிலும் தேய்த்துத் தன் மணத்தைப் பதிக்கும். இவற்றைப் படிக்கத் தெரிந்தவனுக்கு, மானைக் காணுமுன்பே மானின் வயதும் வழியும் ஓரளவு விளங்கிவிடும்.

நெல் விளையும் காவிரிப் படுகையில் நின்றுகொண்டு இதையெல்லாம் பேசுவானேன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பூதலூரை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே இருப்புப்பாதையில் அமைந்த ஊர். கல்லணையும் இந்த வட்டத்தைச் சேர்ந்ததே. வடக்கே, பெயரிலேயே காட்டைச் சுமந்துகொண்டிருக்கும் திருக்காட்டுப்பள்ளியின் பக்கம் சென்றால், காவிரியும் குடமுருட்டியும் பாயும் பழைய நன்செய். தெற்கே செங்கிப்பட்டியை நோக்கித் திரும்பினால் நிலம் மேடேறும், மண் சிவக்கும். மேட்டூர் அணை 1934இல் நிறைவுற்று, அத்திட்டத்தின் பகுதியாகக் கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்ட பிறகே இந்த மேட்டு நிலத்தின் பெரும்பகுதிக்குக் காவிரி நீர் எட்டியது. அதற்கு முன்பு இது வானத்தையும் ஏரியையும் நம்பிய பூமி. மருதமும் முல்லையும் ஒரே ஊரின் இருபுறமும் கிடந்தன என்று சொன்னால் மிகையாகாது.

சற்றே தென்கிழக்கே வல்லம். அகநானூற்றின் 336ஆம் பாடல் சோழரது வல்லத்தைச் சொல்லும்போது, அதன் புறத்தே இருந்த காவற்காட்டையும் சேர்த்தே சொல்கிறது. மிளை என்பது அக்காட்டின் பெயர். அவ்வல்லம் தஞ்சையை அடுத்த இந்த வல்லமே என்பர் அறிஞர். ஆக, சோழநாடு என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல் என்று நாம் வரைந்துகொள்ளும் சித்திரம் முழுமையானதன்று. வயலின் ஓரத்தில் காடு நின்றது. காட்டின் ஓரத்தில், காட்டைப் படிக்கத் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள்.

அவர்களுக்கும் நெல்லுக்கும் இருந்த உறவைச் சங்கப் பாடல்கள் தெளிவாகவே காட்டுகின்றன. கரிகாலனைப் பாடிய முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில், காவிரி நாட்டில் பண்டங்கள் கைமாறும் காட்சி ஒன்று வருகிறது. கரும்பும் அவலும் கொண்டு வந்தவர்கள் அவற்றைக் கொடுத்து மான் இறைச்சியும் கள்ளும் பெற்றுச் செல்கிறார்கள். புறநானூற்றின் 33ஆம் பாடலில், சோழன் நலங்கிள்ளியைப் பாடும் கோவூர்கிழார் இதே உறவை இன்னும் நெருங்கிச் சென்று காட்டுகிறார். நாயோடு காட்டில் வாழும் வேட்டுவன் வட்டி நிறைய மான் தசை கொண்டுவந்து சொரிகிறான். ஆயர்மகள் பானையில் தயிர் கொண்டு வருகிறாள். உழவர் வீட்டுப் பெண்கள், குளத்தின் கீழ் விளைந்த வெண்ணெல்லை முகந்து அவ்விரண்டு கலங்களையும் நிறைத்துத் தருகிறார்கள்.

இந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. நெல்லை அளக்க மரக்காலும் கலமும் உண்டு. அந்நெல்லுக்குப் பின்னாலுள்ள உழைப்பை, உழவு நடவு களை அறுவடை என்று ஒவ்வொன்றாகப் பெயரிட்டு எண்ணவும் நமக்குத் தெரியும். வட்டியிலிருந்து சொரியப்பட்ட அந்த மான் தசைக்குப் பின்னால் எத்தனை நாள் இருந்தது? அந்த நாட்களுக்கு என்ன பெயர்? உழவனின் ஆண்டு நம் இலக்கியத்திலும் பஞ்சாங்கத்திலும் பதிவாகியிருக்கிறது. வேட்டுவனின் ஆண்டை நாம் சிதறிக் கிடக்கும் வரிகளிலிருந்து கோத்தெடுக்க வேண்டியிருக்கிறது.

அப்படிக் கோப்பதற்குப் பெரும்பாணாற்றுப்படை நல்ல தொடக்கம். இதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையையும் பாடியவர் என்பதை இங்கு நினைவுகொள்வது பொருத்தம். காட்டை அழித்து நாடாக்கியதையும் குளம் தோண்டி வளம் பெருக்கியதையும் கரிகாலனின் புகழாகப் பட்டினப்பாலையில் போற்றுகிறார் அவர். பெரும்பாணாற்றுப்படையிலோ, அவ்வாறு அழியாமல் எஞ்சிய வறண்ட நிலத்தில் எயினர் வாழ்ந்த வாழ்க்கையை அருகிருந்து பார்த்தவர்போல் எழுதுகிறார். எயினர் குடிலின் முன்றிலில் ஒரு விளாமரம் நிற்கிறது. அதில் பார்வை மான் கட்டப்பட்டிருக்கிறது. கட்டிக் கட்டி அம்மரத்தின் அடி தேய்ந்துபோயிருக்கிறது. அம்மரத்தின் நிழலில் நில உரலில் புல்லரிசியைக் குற்றுகிறார்கள்.

மரத்தின் தேய்ந்த அடியைக் குறிக்கப் புலவர் செலவழித்தது ஒரே ஒரு அடைமொழி. கயிறு உரசி ஒரு மரம் தேய்வதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்! வேட்டுவனின் பொறுமைக்கு நம் இலக்கியம் தந்திருக்கும் அளவுகோல் அதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

அதே பகுதியில் இரவு வேட்டையும் வருகிறது. மானின் அடிகள் பதிந்து குழம்பிக் கிடக்கும் வழிகள். மழை பொய்த்த காலம். நீருக்காகத் தோண்டிய குழிகள். அக்குழிகளை ஒட்டி ஒளிந்து ஒடுங்கி, நீர் தேடி வரும் காட்டுப்பன்றியின் வரவை நள்ளிரவில் பார்த்திருக்கிறார்கள் கானவர். அது வாய்க்காவிட்டால் பகலில் நாயோடு சென்று, புதர்களை அடித்து, வலை வளைத்து முயல் பிடிக்கிறார்கள். இந்தச் சில வரிகளுக்குள் எவ்வளவு அறிவு பொதிந்திருக்கிறது! சுவடுகள் எங்கே குவிகின்றன என்பதை அவர்கள் முன்பே அறிந்திருக்கிறார்கள். வறண்ட காலத்தில் நீர்நிலைகள் சுருங்கும்போது விலங்குகளின் வழிகளும் சுருங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். காட்டில் எங்கும் திரிகிற விலங்கு, கோடையில் ஓர் இடத்துக்கு வந்தே தீரவேண்டும். அந்த ஓர் இடம் எது என்பதைக் கண்டுவைப்பதே வேட்டை.

மலைபடுகடாம் இதையே வேறொரு கோணத்திலிருந்து காட்டுகிறது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தரிடம், இரவில் மலைவழியே நடக்கவேண்டாம், விடிந்தபின் செல்லுங்கள் என்கிறார் பெருங்கௌசிகனார். காரணம், தினைப்புனத்தை அழிக்கும் பன்றிகளுக்காக அவை நுழையும் ஒவ்வொரு புழையிலும் பெருங்கல்லாலான பொறியை மாட்டி வைத்திருக்கிறார்கள். பொறியை எங்கே வைப்பது என்பதற்கு ஊகம் உதவாது. எந்த இடைவெளியில் புல் மடிந்திருக்கிறது, எங்கே மண் வழுவழுப்பாகியிருக்கிறது என்று பல நாள் பார்த்தவனே அதை வைக்கமுடியும்.

இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், கதை சொல்லும் கலையே வேட்டுவர்களிடமிருந்து பிறந்திருக்கலாம் என்று கருதுகிறார். மண்ணில் பதிந்த தடத்தையும் முறிந்த கிளையையும் ஒட்டிய மயிரையும் கொண்டு, கண்ணால் காணாத நிகழ்வு ஒன்றை வரிசைப்படுத்திச் சொல்ல முதலில் கற்றவன் வேட்டுவனே என்பது அவர் வாதம். இலக்கியத்தை நேசிக்கும் நமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. சுவடு காலடியைக் குறிக்கும், சுவடி ஏட்டைக் குறிக்கும் என்பதைத் தமிழர்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா?

இனி, இந்தப் பொறுமை கொல்வதற்கு மட்டும்தான் பயன்பட்டதா என்ற கேள்விக்கு வருவோம். புறநானூற்றின் 320ஆம் பாடல், வீரை வெளியனார் பாடியது. கொடிகள் படர்ந்த முற்றத்து நிழலில் வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். அப்போது, கட்டப்பட்டிருக்கும் பார்வைப் பிணையிடம் காட்டிலிருந்து தனிக்கலை ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. பார்வை வைத்ததே இதற்காகத்தான். எத்தனையோ நாள் காத்திருப்பின் பயன் முற்றத்துக்கே வந்து நிற்கிறது. வேட்டுவனின் மனைவி அதைக் காண்கிறாள். கணவன் விழித்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள். கலை பிணையைவிட்டு நீங்கிவிடுமோ என்றும் அஞ்சுகிறாள். ஆகவே வீட்டுக்குள் அசையாமல் இருந்துவிடுகிறாள். மான்தோலில் காயவைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் தின்று தீர்க்கின்றன. அவள் ஓட்டவில்லை.

இறைச்சியும் போயிற்று, தினையும் போயிற்று. இதைக் கருணை என்று ஒரு சொல்லில் அடக்கிவிட நமக்கு மனமில்லை. நாள்தோறும் மான்களைப் பார்த்துப் பழகிய ஒருத்திக்கு அக்கணம் எத்தகையது என்று தெரிந்திருக்கிறது. பார்க்கத் தெரிந்தவளுக்கே விட்டுவிடவும் தெரிந்தது. பார்வை என்னும் சொல்லின் இரு பொருள்களும் அந்த முற்றத்தில் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்கின்றன.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு இது ஒரு நெறியாகவே எழுதப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழ அரசில் உயர்பதவி வகித்த சேக்கிழார், கண்ணப்ப நாயனாரின் வேட்டையைப் பாடுகையில், வில்வேடர் எவற்றைக் கொல்லாமல் விட்டனர் என்று பட்டியலிடுகிறார். யானைக் கன்றுகளைத் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்று நடை தளர்ந்த பிணைகளை அலைக்கழிக்கவில்லை. ஒரு பிணை கருவுற்றிருப்பதை நடையிலிருந்தே அறிவதற்குக் கண் பழகியிருக்க வேண்டும். அறியாதவனுக்கு அந்த நெறியைக் கடைப்பிடிக்கவே முடியாது.

தொல்காப்பியத்தின் மரபியலையும் இவ்விடத்தில் புரட்டலாம். புல்வாயின் ஆணுக்கு இரலை என்றும் கலை என்றும் பெயர். புல்வாய், நவ்வி, உழை ஆகியவற்றின் பெண்ணுக்குப் பிணை என்று பெயர். இவற்றின் இளமைக்கு மறி என்று பெயர். பள்ளியில் இதை மனப்பாடப் பகுதியாகக் கடந்து வந்தவர்களே நம்மில் பலர். ஆனால், இது யாருக்குத் தேவைப்பட்ட பாகுபாடு? தொலைவில் ஓர் உருவம் அசையும்போது அது கலையா, பிணையா, மறியா என்று பிரித்துச் சொல்லவேண்டிய தேவை காட்டோரத்தில் வாழ்ந்தவனுக்கே இருந்தது. எய்யவேண்டியது எது, விடவேண்டியது எது என்ற முடிவு அந்த ஒரு சொல்லில் இருந்தது. இலக்கணம் பிற்பாடு அதைத் தொகுத்து வைத்தது.

வேட்டுவரின் தெய்வமும் மானைவிட்டு நீங்கவில்லை. கொற்றவைக்கு ஊர்தி கலைமான். தஞ்சைக்கு வடகிழக்கே, நன்செய் நடுவே நிற்கும் புள்ளமங்கைக் கோயிலின் துர்க்கைச் சிற்பத்தில், சிம்மத்தோடு மானும் அருகே நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கக் காலச் சோழர் கலை அது. நெல்லை உண்டு வாழ்ந்த ஊர், காட்டின் விலங்கைத் தன் தேவியின் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டது.

துப்பாக்கி வந்தபோது காத்திருப்பின் தேவை குறைந்தது. தொலைவிலிருந்தே சுடலாம், ஆட்களை ஏவிக் கலைத்து ஓட்டிவரச் செய்யலாம், பின்னாளில் வாகனத்தில் சென்று விளக்கொளியில் கண்கூசி நிற்கும் விலங்கைச் சுடலாம். பார்வை சுருங்கியது, எண்ணிக்கை பெருகியது. நீலகிரியில் வேட்டை விலங்குகள் அருகுவதைக் கண்டு அஞ்சிய ஆங்கிலேய வேட்டைக்காரர்களே 1877இல் ஒரு சங்கம் அமைத்தனர். 1879இல் சென்னை அரசு நீலகிரி மாவட்டத்துக்கெனத் தனிச்சட்டம் இயற்றி, வேட்டையாடக் கூடாத பருவத்தை வகுத்தது. வேட்டுவனின் கண் செய்த வேலையைச் சட்டத்தின் தாள் செய்யவேண்டி வந்தது. துரைமார்களின் வேட்டைக் குறிப்புகளில் சுட்டவர் பெயர் தவறாமல் இருக்கும். சுவடு கண்டு வழிகாட்டிய உள்ளூர்க்காரரின் பெயர் இருப்பது அரிது. கென்னத் ஆண்டர்சன் இதற்கு ஓரளவு விலக்கு. தமக்குக் காட்டைக் கற்றுத்தந்த பைரா என்ற பூசாரியைத் தம் நூல்களில் அவர் மறவாமல் பேசுகிறார்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மான் வேட்டை குற்றமாயிற்று. அதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. காடு சுருங்கிய நாட்டில் அதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆயினும் வேட்டையோடு சேர்ந்து பார்வையும் போகவேண்டுமா என்பதே நம் கேள்வி.

போகவேண்டியதில்லை என்று வாழ்ந்து காட்டியவர் மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950இல் தொடங்கி 1996இல் மறையும்வரை கல்கத்தாவின் ஆங்கில நாளேடு ஒன்றில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே சேர்த்து ஒட்டிய புகைப்படக் கருவியோடு காடுகளில் காத்திருந்தார். வேட்டுவனின் பொறுமை முழுவதும் அவரிடம் இருந்தது. துப்பாக்கி மட்டும் இல்லை. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். தமிழில் இயற்கையை எழுதுவதற்கு எவ்வளவு சொல்வளம் வேண்டும் என்பதை அதைப் படிப்போர் உணர்வர்.

பழைய தஞ்சை மாவட்டத்தின் கடற்கோடியில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில், கோடியக்கரை இருக்கிறது. 1967இல் சரணாலயமாக்கப்பட்ட அந்தப் புல்வெளியில் இன்றும் வெளிமான்கள் திரிகின்றன. தொல்காப்பியர் சொன்ன புல்வாய் இதுவே என்பர். கணக்கெடுப்புக்குச் செல்வோர் ஆண், பெண், குட்டி என்று தனித்தனியே குறித்துக்கொள்கிறார்கள். கலை, பிணை, மறி என்று எழுதினாலும் கணக்கு அதேதான்! எயினன் முன்றிலில் தொடங்கிய வேலை, கொலை நீங்கி, கோடியக்கரையில் தொடர்கிறது என்று நாம் மகிழலாம்.

ஆனால், சொற்கள்? இரலை, நவ்வி, உழை, மரை என்று பிரித்துச் சொன்ன மொழியில் இன்று எல்லாமே மான். உழை என்பது எந்த மான், நவ்வி என்பது எது என்று உரைகளையும் அகராதிகளையும் வைத்துக்கொண்டு வழக்காடுகிறோம். பார்ப்பவர் இல்லாதபோது பெயர்கள் பொருளிழக்கின்றன. ஏட்டைக் காப்பாற்றிவிட்டோம், ஏட்டில் எழுதியிருப்பதை அடையாளம் காட்டக்கூடிய கண்களைக் காப்பாற்றவில்லை. பூதலூரின் தெற்கு மேட்டிலும், வல்லத்துச் செம்மண்ணிலும், புதுக்கோட்டை எல்லையிலும் ஆடு மேய்க்கும் முதியவர்களிடம் தடத்துக்கும் புழுக்கைக்கும் புதருக்கும் நீர்க்குழிக்கும் தனித்தனிச் சொற்கள் இன்னும் இருக்கலாம். அவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு ஒரு நாள் போதாது. பலமுறை செல்லவேண்டும், அவர்கள் பேசும்வரை அருகே அமர்ந்திருக்கவேண்டும். விளாமரத்தின் அடி தேய்ந்ததும் அப்படித்தானே?